காலண்டர் தாளில் எழுதின வாந்திக் கணக்கு

திண்டுக்கல்லில் டூவீலர் மெக்கானிக் நான். என் மனைவிக்குக் கர்ப்பத்தில் ஏழாவது வாரம் நடந்தபோது, நான் வாசல்படி ஏறுமுன்னே உள்ளே ஓங்கரிக்கிற சத்தம் கேட்கும். என்னைப் பார்த்தாலே குமட்டுதாக்கும் என்று கோபம்கூட வந்தது. நாலு நாள் கழித்துத்தான் அவளே சொன்னாள்: "மாமா, உங்க மேல பெட்ரோல் வாடை."

அதற்கப்புறம் பட்டறையிலேயே குளித்து, வேறு சட்டை மாற்றி வந்தேன். வாசனை சோப்பும் ஆகாது, கடலை மாவுதான். குக்கரும் தாளிப்பும் மொட்டை மாடிக்குப் போயின. சோறு கொதிக்கிற வாசம்தான் அவளுக்கு முதல் எதிரி. உங்கள் வீட்டில் எது என்று நீங்கள்தான் கண்டுபிடிக்கணும்.

"மசக்கைன்னா அப்படித்தான்டா. உன்னை வயித்துல வச்சுக்கிட்டே நான் களையெடுக்கப் போனேன்" என்றது அம்மா. பொய்யில்லை. ஆனால் அது மசக்கை, இது வேற. 52 கிலோ இருந்தவள் மூணே வாரத்தில் 48. இருந்த எடையில் நூற்றுக்கு அஞ்சு பங்குக்கு மேல் குறைந்து, வாந்தியும் நிற்காவிட்டால் டாக்டர்கள் அதை ஹைப்பர்எமெசிஸ் என்பார்கள். மனசு சரியில்லாததால் வருவதும் இல்லை. ஜிடிஎஃப்15 என்ற ஹார்மோன் வளரும் கருவிலிருந்து தாயின் ரத்தத்தில் கலக்கிறது, கர்ப்பத்துக்கு முன்னாடி அது குறைவாக இருந்த பெண்களுக்கு வாந்தி கடுமையாகிறது என்று 2023இல் ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "ரத்தத்துலயே இருக்கா?" என்று கேட்டது. அன்றிலிருந்து திட்டவில்லை.

முதலில் பார்த்த டாக்டர் "எத்தனை தடவை வாந்தி?" என்றார். இவள் "நிறைய" என்றாள். எல்லாருக்கும் வர்றதுதான் என்று அனுப்பிவிட்டார். அன்று ராத்திரி தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன். வாந்திக்கு ஒரு கோடு. எத்தனை ஸ்பூன் தண்ணி தங்கியது, சிறுநீர் எத்தனை மணிக்கு, என்ன நிறம், வாரம் ரெண்டு நாள் எடை. ஆறு தாளை அடுத்த டாக்டர் மேஜையில் வைத்தேன். ஒரே தாளில் பதினாலு கோடு. அன்றைக்கே அட்மிட். அவள் பேச வேண்டியதைத் தாள் பேசியது. அவளுக்குப் பேசத் தெம்பு இல்லை.

டிரிப் போடும்போது ஒன்று மட்டும் கேளுங்கள்: "பி1 குடுத்தாச்சா?" பல நாள் சாப்பிடாத உடம்பில் தயமின் என்கிற அந்த பி1 வைட்டமின் வற்றியிருக்கும். அது இல்லாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளையைப் பாதிக்கலாம்.

வாந்தி மாத்திரை பிள்ளைக்கு ஆகாது என்று பக்கத்து வீட்டில் பயம் காட்டுவார்கள். டாக்சிலமினும் பைரிடாக்சினும் சேர்ந்த மாத்திரை கர்ப்பிணிகளுக்கே ரொம்ப காலமாகக் கொடுப்பது. டாக்டர் சொன்ன நேரத்துக்குக் கொடுங்கள், தூக்கம் வரும். இரும்புச்சத்து மாத்திரை குமட்டலைக் கூட்டினால் தள்ளிப்போடலாமா என்று கேளுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம்.

சாப்பாட்டில் நான் செய்த தப்பு, "என்ன வேணும், இட்லியா, தோசையா?" என்று கேட்டது. பேரைக் கேட்டாலே ஓங்கரிப்பாள். அப்புறம் கேட்பதை விட்டேன். கட்டில் பக்கத்தில் பொரி, வறுக்கி, உப்பு பிஸ்கட். எழுந்திருக்குமுன் படுத்தபடியே ரெண்டு வாய். ஓஆர்எஸ் பாக்கெட்டை அதில் போட்டிருக்கிற அளவுத் தண்ணியில் கரைத்து, ஐஸ் டிரேயில் உறைய வைத்து, உடைத்து ஸ்பூனில் கொடுத்தேன். டம்ளரில் குடித்தால் திரும்பி வந்தது, சப்பினது தங்கியது. நாலு நாள் தர்பூசணி மட்டுமே இறங்கியது. சத்து இருக்கா என்று அந்த நேரத்தில் யாரும் பேசக் கூடாது.

வாந்தி எடுத்தவுடனே பல் துலக்க விடாதீர்கள். புளிப்பு ஏறின பல் தேயும். வாயைக் கொப்பளித்து, அரை மணி கழித்துத் துலக்கட்டும்.

பிரியாணிப் பொட்டலத்தோடு வரும் சொந்தக்காரர்களை வாசலில் நிறுத்துவது உங்கள் வேலை, அவள் வேலையில்லை. நான் சித்தப்பாவையே நிறுத்தினேன். இன்னும் வருத்தம்தான் அவருக்கு.

எட்டு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, ஒரு நாள் முழுக்க எதுவும் தங்கவில்லை, எழுந்தால் தலை சுற்றி விழுகிறாள், வாந்தியில் ரத்தம், காய்ச்சல், வயிற்று வலி, பேச்சுக் குழறல், இதில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். வண்டி இல்லையென்றால் 108.

கர்ப்பகாலத்தில் பாதி முடிவதற்குள் நிறைய பேருக்குக் குறைந்துவிடும். இவளுக்குப் பதினெட்டாவது வாரம். குக்கர் கீழே இறங்க இன்னும் பத்து நாள் ஆனது. காலண்டர் தாள்களை ரப்பர் பேண்ட் போட்டு ஸ்கேன் ஃபைலிலேயே வைத்திருக்கிறேன். ஒரு தடவை வந்தவர்களுக்கு அடுத்த பிள்ளைக்கும் வர வாய்ப்பு அதிகமாம். நாள் தள்ளிப்போனதுமே அந்தக் கட்டோடு டாக்டரிடம் போகணும்.