பழைய அவுட்போர்டு எஞ்சின்: கியர் பாக்ஸ் தேய்ந்திருக்கிறதா என்று பிரிக்காமலே பார்ப்பது எப்படி?

எங்கள் வள்ளத்தில் இருப்பது 15 குதிரைத்திறன் டூ ஸ்ட்ரோக் எஞ்சின். போன வருஷம் ஒருநாள் ஆக்சிலேட்டரைத் திருகத் திருக சத்தம்தான் ஏறியது, வள்ளம் நகரவில்லை. கியர் போய்விட்டது என்று முடிவுகட்டி, கியர் இருக்கும் கீழ்ப்பெட்டி முழுவதையும் பிரித்துப் போட்டேன். பற்கள் எல்லாம் நன்றாக இருந்தன. தேய்ந்திருந்தது விசிறியின் (புரொப்பெல்லர்) நடுவில், அதை ஷாஃப்டோடு பிடித்திருக்கும் ரப்பர் புஷ். இரண்டு நாள் தொழில் கெட்டது.

எனவே முதல் வேலை புஷ்ஷைப் பார்ப்பது. பிளக் வயரைக் கழற்றிவிட்டு, விசிறியின் பின்பக்கத்தை நன்றாகத் துடையுங்கள். நடுக் குழலில் தொடங்கி, ரப்பரைத் தாண்டி, வெளிக் குழல் வரை நெயில் பாலிஷால் நேராக ஒரு கோடு இழுங்கள். காய்ந்ததும் வயரை மாட்டி, கடலில் முழு வேகத்தில் ஒரு ஓட்டம் விட்டுவிட்டு வாருங்கள். கோடு இரண்டாக விலகி நின்றால் வழுக்குவது புஷ்தான், கியரைத் தொட வேண்டாம். புஷ் வழுக்கும்போது சத்தம் வழவழவென்று ஏறும், மெதுவாகப் போனால் வள்ளம் ஒழுங்காக ஓடும். டாக் கிளட்ச் (கியரைக் கோத்துப் பிடிக்கும் பல் வளையம்) தேய்ந்திருந்தால் அப்படி இருக்காது. கியர் விட்டு விட்டுப் பிடிக்கும், ஒவ்வொரு முறையும் ‘டக்’கென்று கைப்பிடி வரை அடிக்கும்.

அப்படி அடித்தாலும் உடனே பிரிக்காதீர்கள். கியர் மாற்றும் கம்பியின் அளவு தப்பியிருந்தால் டாக் பாதிதான் உள்ளே போகும், அதனாலும் கியர் எகிறும். கம்பியைச் சரிசெய்து ஓட்டிப் பாருங்கள். கியரை மெல்ல மெல்லத் தள்ளிப் போடுகிற பழக்கம்தான் டாக்கின் முனையைத் தின்கிறது. ஐடிலில் (எஞ்சினின் ஆகக் குறைந்த வேகத்தில்) வைத்து ஒரே தள்ளாகப் போட வேண்டும்.

அடுத்தது கியர் பாக்ஸ் ஆயில். ஓட்டி வந்த சூட்டோடு வடிக்கக் கூடாது. எஞ்சினை நேராக நிறுத்தி ஒரு ராத்திரி விடுங்கள். உள்ளே தண்ணீர் இருந்தால் அடியில் இறங்கிவிடும், காலையில் கீழ்த் திருகைத் தளர்த்தியதும் முதலில் வருவது அதுதான். அந்த முதல் சொட்டுகளைக் கண்ணாடி பாட்டிலில் பிடியுங்கள். பால் காப்பி நிறத்தில் வந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. கருத்து, கருகிய வாடை அடித்தால் உள்ளே சூடேறியிருக்கிறது. திருகைக் கழற்ற சாதாரண ஸ்க்ரூடிரைவர் வேண்டாம், தலை சிதைந்துவிடும். சுத்தியலால் தட்டித் திருப்பும் இம்பாக்ட் டிரைவர் ஒன்று கட்டாயம் வாங்கி வையுங்கள்.

பழைய ஸ்பீக்கர் காந்தத்தை பிளாஸ்டிக் கவரில் சுற்றி அந்த ஆயிலில் கலக்குங்கள். கவரைப் புரட்டினால் ஒட்டியது அப்படியே கையில் வரும். விரலில் தேய்த்தால் மைபோலக் குழைகிற கருப்புத் தூள் சாதாரணத் தேய்மானம், பயம் வேண்டாம். நெருடுகிற சில்லோ ஊசிபோன்ற துணுக்கோ வந்தால் பல்லோ பேரிங்கோ உடைகிறது. அப்போதுதான் பிரிக்க வேண்டும். பிரித்தால் ஷிம்களை (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகட்டு வளையங்களை) எந்த வரிசையில் எடுத்தீர்களோ அதே வரிசையில் கம்பியில் கோத்து வையுங்கள்.

சில் இல்லாமல் தண்ணீர் மட்டும் வந்தால் ஆயில் சீலை (ஷாஃப்டைச் சுற்றித் தண்ணீர் நுழையாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) சந்தேகப்படுங்கள். விசிறியைக் கழற்றிப் பாருங்கள். ஷாஃப்டில் தங்கூசி நரம்பு (தூண்டில் நைலான் இழை) சுற்றி, சீலுக்குள் அறுத்துக்கொண்டு போயிருக்கும். எனக்கு ஒரு முழத்துக்கு மேல் வந்தது. ஆயில் முழுக்க வடிந்ததும் கீழ்த் திருகை மூடி, மேல் திருகின் ஓட்டையில் மீட்டர் உள்ள சைக்கிள் பம்பைப் பொருத்தி 10 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) மட்டும் ஏற்றுங்கள். அதிகம் ஏற்றினால் நல்ல சீலும் பிதுங்கிவிடும். சோப்புத் தண்ணீர் தடவி ஷாஃப்டை மெதுவாகச் சுற்றினால் ஒழுகும் இடத்தில் குமிழ் வரும்.

புது ஆயிலைக் கீழ் ஓட்டை வழியாகவே ஏற்ற வேண்டும். மேல் ஓட்டையில் குமிழ் இல்லாமல் வழிந்ததும் முதலில் மேல் திருகு, பிறகு கீழ்த் திருகு. இரண்டுக்கும் புது வாஷர்.

பின்சேர்க்கை: விசிறிப் பக்கம் குமிழே வரவில்லை, ஆனால் காற்று இறங்குகிறது என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். இம்பெல்லருக்கு (எஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீர் இழுக்கும் ரப்பர் சக்கரம்) அடியிலும் ஒரு சீல் இருக்கிறது, கியர் கம்பி உள்ளே போகும் இடத்திலும் ஒன்று இருக்கிறது. கீழ்ப்பெட்டியை மட்டும் இறக்கி, அந்த இரண்டு இடத்திலும் சோப்புத் தண்ணீர் விட்டுப் பாருங்கள்.