பழைய சிறிய பெட்ரோல் கார்: குறைந்த கிலோமீட்டரை மட்டும் நம்பி வாங்காதீர்கள்

பழைய சிறிய பெட்ரோல் கார் வாங்கச் செல்பவர்களில் பெரும்பாலோர் முதலில் எட்டிப் பார்ப்பது ஓடோமீட்டரைத்தான். 10 ஆண்டுகளில் 30,000 கிலோமீட்டர் மட்டுமே ஓடியிருக்கிறது என்று தெரிந்தவுடன் மனம் பாதி முடிவை எடுத்துவிடுகிறது. அதன் பிறகு செய்யும் சோதனைகள் பெயரளவுக்கே நடக்கின்றன. நகருக்குள் மட்டுமே ஓடிய சிறிய கார்களைப் பொறுத்தவரை இதைவிடப் பெரிய தவறு இல்லை என்றே நான் கருதுகிறேன்.

இன்ஜின் முழுமையாகச் சூடேறுவதற்குள் பயணம் முடிந்துவிடும்போது, எரியாத பெட்ரோலும் எரிதலில் உண்டாகும் நீராவியும் இன்ஜின் ஆயிலில் கலந்து தங்கிவிடுகின்றன. நீண்ட தூரம் ஓடும் காரில் அவை வெப்பத்தில் ஆவியாகி வெளியேறிவிடும். தினமும் இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டுமே ஓடும் காரில் அதற்கு வாய்ப்பே இல்லை. ஆயில் நீர்த்துப்போய்க் கசடு சேர்கிறது, சைலன்சர் உள்ளிருந்து துருப்பிடிக்கிறது, பேட்டரி ஒருபோதும் முழுமையாகச் சார்ஜ் ஆவதில்லை. நெரிசலில் நின்று நின்று நகரும் காரில் கிளட்ச் தேய்வதையும், ஒரே இடத்தில் நின்றபடி இன்ஜின் ஓடும் மணிக்கணக்கான நேரத்தையும் ஓடோமீட்டர் பதிவு செய்வதில்லை. ஆகவே நெடுஞ்சாலையில் 80,000 கிலோமீட்டர் ஒழுங்காக ஓடி, தவறாமல் சர்வீஸ் செய்யப்பட்ட கார், நகருக்குள் 30,000 கிலோமீட்டர் ஊர்ந்த காரைவிட நல்ல நிலையில் இருப்பது வியப்புக்குரியதன்று.

இதனால்தான் சர்வீஸ் ரெக்கார்டில் கிலோமீட்டரை மட்டும் பார்க்காமல் தேதிகளையும் பார்க்க வேண்டும் என்று வலியுறுத்துகிறேன். கார் ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஆயில் பழையதாகிறது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது. இன்ஜினின் வால்வுகளைப் பிஸ்டன்களோடு ஒத்திசைவாக இயக்கும் டைமிங் பெல்ட்டுக்கு இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை ஆண்டுகள், இவற்றில் எது முந்துகிறதோ அப்போது மாற்ற வேண்டும் என்ற கெடு உண்டு. குறைவாக ஓடிய கார்களில் அந்த ஆண்டுக் கெடுவைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். பெல்ட் அறுந்தால் பல இன்ஜின்களில் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளைந்துவிடும்; சிறிய காரில் அந்தப் பழுதுபார்ப்புச் செலவு காரின் மதிப்பையே நெருங்கக்கூடும். சில இன்ஜின்களில் பெல்ட் ஆயிலுக்குள்ளேயே ஓடுகிறது. பெட்ரோல் கலந்த ஆயிலில் ஊறும் ரப்பர் உதிர்ந்து, ஆயில் பம்ப்பின் வடிகட்டியை அடைக்கும் அபாயம் அங்கே கூடுதலாக உள்ளது. பெல்ட்டுக்குப் பதிலாகச் செயின் இருந்தால் கவலையில்லை என்பதும் பாதி உண்மையே. ஆயில் மாற்றாமல் ஓட்டிய காரில் செயின் நீண்டுவிடும், காலையில் ஸ்டார்ட் செய்த சில நொடிகளுக்குச் சடசடவென்ற ஒலி கேட்கும்.

அந்த ஒலியைக் கேட்க வேண்டுமானால் இன்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும். விற்பவர் முன்கூட்டியே இன்ஜினைச் சூடாக்கி வைத்திருக்கும் காரைப் பார்த்து முடிவெடுப்பது அடுத்த தவறு. போனவுடன் பானெட்டின் மேல் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது என்று பொருள். குளிர்காலையில் சற்று நேரம் வரும் வெண்ணிற ஆவி இயல்பானதே. இன்ஜின் சூடான பிறகும் அது நிற்காமல் வந்தால் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) உள்ளே புகுகிறதா என்று பார்க்க வேண்டும். ஆயில் மூடியின் அடியில் பால்நிறக் குழைவு இருப்பது குறுகிய பயணங்களாலும் நேரலாம், ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் தலைப்பகுதிக்கு அடியிலுள்ள கசிவுத் தடுப்புத் தகடு) பழுதாலும் நேரலாம். கூலன்ட் குறைந்திருக்கிறதா, ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கிலும் அதே குழைவு இருக்கிறதா என்று பார்க்காமல் எந்தப் பக்கமும் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

பிராண்டின் பெயரையே நம்பகத்தன்மையாக எடுத்துக்கொள்வதும் பொதுவான பிழை. 2005இல் விற்பனைக்கு வந்த டொயோட்டா அய்கோ, பெஜோ 107, சிட்ரோயன் சி1 ஆகிய மூன்றும் செக் குடியரசின் கோலின் நகரிலுள்ள ஒரே ஆலையில், ஒரே 1.0 லிட்டர் பெட்ரோல் இன்ஜினுடன் தயாரானவை. முன்னாலுள்ள சின்னத்துக்காக ஒன்றை உயர்த்தி இன்னொன்றைத் தாழ்த்துவதில் பொருளில்லை. முந்தைய உரிமையாளர் எப்படி வைத்திருந்தார் என்பதே அவற்றைப் பிரிக்கும். அத்தகைய மூன்று சிலிண்டர் இன்ஜின்கள் நின்ற நிலையில் சற்று அதிர்வது அவற்றின் இயல்பு என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது தெருவை ஒருமுறை சுற்றி வந்தால் போதாது. குறைந்தது அரை மணி நேரம், வேகமான சாலையிலும் மேடுபள்ளத்திலும் ஓட்டினால்தான் வேகத்தோடு உயரும் வீல் பேரிங்கின் இரைச்சலும் தேய்ந்த சஸ்பென்ஷன் புஷ்களின் (அதிர்வைத் தாங்கும் ரப்பர் துண்டுகள்) தட்டலும் தெரியவரும். பிறகு ஏசியை இயக்கியபடி காரை நிறுத்தி வைத்து, ரேடியேட்டர் விசிறி சுழல்கிறதா, வெப்பமுள் நிலையாக நிற்கிறதா என்று கவனியுங்கள். கிளட்ச்சைச் சோதிக்க, சமதளத்தில் முன்னால் யாரும் இல்லாதபோது ஹேண்ட் பிரேக்கை இறுக்கி, மூன்றாம் கியரில் கிளட்ச்சை மெல்ல விடுங்கள். இன்ஜின் உடனே நின்றுவிட வேண்டும். நிற்காமல் உறுமிக்கொண்டே இருந்தால் கிளட்ச் வழுக்குகிறது.

சாவியைத் திருப்பியதும் இன்ஜின் எச்சரிக்கை விளக்கு எரிந்து, ஸ்டார்ட் ஆனபின் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் யாரோ அதை முடக்கியிருக்கலாம். காரின் கணினியில் பதிவான பிழைகளைப் படிக்கும் ஸ்கேனரில் பிழை எதுவும் காட்டவில்லை என்பதும் முழு ஆறுதல் தராது. பிழைகள் அண்மையில் அழிக்கப்பட்டிருந்தால் காரின் சுயசோதனைகள் முடிவடையாத நிலையில் இருக்கும். மெக்கானிக்கிடம் அதையும் பார்க்கச் சொல்லுங்கள். டயரின் பக்கவாட்டில் உள்ள 4 இலக்கங்கள் அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் குறிக்கும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பட்டன் (சாலையைத் தொடும் வரிகள்) தேயாத டயரும் பழையதாக இருக்கலாம் என்பதை இந்த எண்தான் சொல்லும்.

பேசி முடிக்கும் விலையில் கையிருப்பு முழுவதையும் கொடுத்துவிடாதீர்கள். ஆயில், வடிகட்டிகள், பிரேக் ஆயில் ஆகியவற்றை வாங்கியவுடன் மாற்றிவிடுவதும், மாற்றியதற்கான ரசீது இல்லாத டைமிங் பெல்ட்டை மாற்றப்படாததாகவே கருதுவதும் நல்லது. அந்தச் செலவை முதலிலேயே கணக்கிட்டு, விலையில் குறைத்துக் கேளுங்கள்.