பழைய கார் ஃப்யூயல் பம்ப் லீக் ஆகுதா? கை வைக்கிறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க

பழைய கார் வச்சிருக்கறவங்களுக்கு இது புதுசா இருக்காது. காலையில போய் பார்த்தா இன்ஜினுக்குக் கீழ தரையில ஒரு ஈரம், பெட்ரோல் வாடை, பானட்டைத் தூக்கினா பம்ப்போட அடியில ஒரு சொட்டு இப்ப விழவா அப்புறம் விழவான்னு தொங்கிட்டு இருக்கும். உடனே ஒரு புது பம்ப் வாங்கி மாட்டிட்டு, லீக் நின்னுடுச்சுன்னு கையைத் துடைச்சிட்டுப் போயிடுவோம். நானும் முதல் தடவை அதைத்தான் பண்ணேன். வெளிய ஒழுகினதைப் பார்த்தேனே தவிர உள்ள ஒழுகினதைப் பார்க்கல.

உள்ளன்னா எங்கன்னு கேக்கறீங்களா? கார்புரேட்டர் காலத்து மெக்கானிக்கல் பம்ப் இன்ஜின் பிளாக்லயே போல்ட் போட்டு உக்காந்திருக்கும். இன்ஜினோட சேர்ந்து சுத்தற கேம்ஷாஃப்ட்ல இருக்கற ஒரு மேடு பம்ப்போட ஆர்மை அசைக்கும், ஆர்ம் டயஃப்ரத்தைக் கீழ இழுக்கும், அப்ப டேங்க்ல இருந்து பெட்ரோல் உள்ள வரும், அப்புறம் ஒரு ஸ்பிரிங் டயஃப்ரத்தை மேல தள்ளி கார்புரேட்டருக்கு அனுப்பும், அவ்ளோதான் கதை. டயஃப்ரத்துக்கு மேல பெட்ரோல், கீழ இன்ஜின் ஆயில் ஆவி, நடுவுல இருக்கறது ஒரு ரப்பர் துணி மட்டும்தான். அது கிழிஞ்சா பெட்ரோல் கொஞ்சம் பம்ப் பாடியில இருக்கற சின்ன ஓட்டை வழியா வெளிய சொட்டும், மிச்சம் நேரா இன்ஜின் அடியில ஆயில் தங்கற சம்ப்புக்குள்ள போய் ஆயிலோட கலந்துடும்.

என் வண்டியில அப்படித்தான் ஆச்சு. பழைய இன்ஜின், ஆயில் நல்லா குடிக்கும், அந்த வாரம் மட்டும் ஆயில் அளவு பார்க்கற டிப்ஸ்டிக்ல லெவல் குறையவே இல்ல, அட வயசானவர் குடியை விட்டுட்டாரேன்னு எனக்கு ஒரே சந்தோஷம். அப்புறம் பார்த்தா லெவல் மேல் கோட்டையும் தாண்டி ஒரு விரக்கடை ஏறியிருக்கு, ஸ்டிக்கை மூக்குகிட்ட கொண்டு போனா பெட்ரோல் நெடி. பெட்ரோல் கலந்த ஆயில் தண்ணி மாதிரி ஆயிடும், பேரிங்கைக் காப்பாத்தாது, சம்ப்புக்குள்ள பெட்ரோல் ஆவி நிறைஞ்சு நின்னா தீப்பிடிக்கவும் வாய்ப்பு இருக்கு. அதனால பம்ப் லீக்னு தெரிஞ்சதும் ஸ்பேனரைத் தொடறதுக்கு முன்னாடி டிப்ஸ்டிக்கை உருவி மோந்து பாருங்க. வாடை வந்தா ஸ்டார்ட் பண்ணவே பண்ணாதீங்க, ஆயிலும் ஃபில்டரும் மாத்தினதுக்கு அப்புறம்தான் சாவி.

இதைவிடப் பெரிய கூத்து ஒண்ணு இருக்கு. அந்த சின்ன ஓட்டை இருக்கே, அது டயஃப்ரம் போச்சுன்னு நமக்குச் சொல்றதுக்காக கம்பெனியே வச்சது. அதுல எபாக்சி வச்சு அடைச்சிட்டு லீக் நின்னுடுச்சுன்னு சொல்றவங்களை என் கண்ணாலயே பார்த்திருக்கேன், நிக்கல சார், மொத்தமும் இப்ப சம்ப்புக்குப் போகுது. அதே ஓட்டையில பெட்ரோலுக்குப் பதிலா ஆயில் வந்தா அது டயஃப்ரம் இல்ல, டயஃப்ரத்தை இழுக்கற கம்பியைச் சுத்தி இருக்கற சீல் போயிருக்கும், அது வேற ரிப்பேர்.

அப்புறம் ஈரமா இருக்கற இடமெல்லாம் லீக் ஆகற இடம் இல்ல. கார்புரேட்டர் ஓவர்ஃப்ளோ ஆகி வழிஞ்சு பம்ப் மேல சொட்டும், ஹோஸ் முனையில வெடிப்பு இருக்கும், கண்ணாடிக் கிண்ணம் வச்ச பம்ப்னா அதோட கார்க் கேஸ்கட் காய்ஞ்சிருக்கும். பம்ப்பை நல்லா துடைச்சுக் காய வச்சு, ஒரு வெள்ளை டிஷ்யூவால ஒவ்வொரு இடமா ஒத்திப் பாருங்க. கிண்ணத்துல கசிஞ்சா கேஸ்கட்டை மாத்துங்க, ஸ்க்ரூவை இன்னும் முறுக்கலாம்னு போனா கண்ணாடி விரிஞ்சிடும்.

கழட்டும்போது முதல்ல பேட்டரி நெகட்டிவை எடுத்துடுங்க, இன்ஜின் ஆறட்டும். பெட்ரோல் மைனஸ் 40 டிகிரிலகூட பத்திக்கற அளவுக்கு ஆவி விடும், அந்த ஆவி காத்தைவிட கனம், கீழ போய் தங்கும், அதனால பள்ளத்துல இறங்கியோ மூடின ஷெட்டுலயோ செய்யற வேலை இல்ல இது. சூடாகற பல்பு வெளிச்சமும் வேண்டாம். டேங்க் பம்ப்பை விட உயரத்துல இருந்தா ஹோஸைக் கழட்டின உடனே பெட்ரோல் தானா வர ஆரம்பிக்கும், அடைக்க சரியான சைஸ்ல ஒரு போல்ட்டை முன்னாடியே கையில வச்சுக்கோங்க. ஸ்டீல் பைப் நட்டை ஒரே ஸ்பேனர் போட்டு முறுக்கினா நட்டோட சேர்ந்து பைப்பும் முறுக்கிக்கும், பம்ப் பக்கம் ஒண்ணு நட்டு பக்கம் ஒண்ணுன்னு ரெண்டு ஸ்பேனர் போடுங்க.

ரிப்பேர் கிட் வாங்கறவங்க பண்ற தப்பு வேற மாதிரி. அந்தக் காலத்து டப்பா, சீல் கூட பிரிக்கல, ஒரிஜினல்னு ஆசையா வாங்குவாங்க. டப்பாக்குள்ள இருந்தாலும் ரப்பருக்கு 40 வயசு 40 வயசுதான், அதுவும் எத்தனால் கலந்த பெட்ரோல்ல பழைய ரப்பர் ரொம்ப நாள் தாங்காது. எத்தனாலுக்குத் தாங்கும்னு சொல்லி விக்கற புது டயஃப்ரமா பார்த்து வாங்குங்க. பிரிக்கறதுக்கு முன்னாடி பம்ப்போட ரெண்டு பாதி மேலயும் சேர்த்து ஒரு அரம் கோடு போட்டுக்கோங்க, இல்லன்னா எந்தப் பக்கம் இன்லெட்னு அப்புறம் முழிக்கணும். முக்கியமானது மூடற விதம். ஸ்க்ரூவெல்லாம் லேசா பிடிச்சதும் ஆர்மைக் கையால முழுசா அழுத்தி டயஃப்ரத்தைக் கீழ இறக்கி வச்சிட்டு, அப்படியே பிடிச்சிட்டு எதிர் எதிரா டைட் பண்ணணும். சும்மா வச்சு டைட் பண்ணா டயஃப்ரம் தளர்வு இல்லாம இழுத்துப் பிடிச்சிருக்கும், ஒவ்வொரு அடிக்கும் ஓரத்துல இழுபட்டு சீக்கிரமே கிழியும். நான் கத்துக்கறதுக்கு ரெண்டு டயஃப்ரம் செலவாச்சு.

கேஸ்கட்டுக்குப் பதிலா சிலிக்கான் பசை போடறவங்களுக்கு ஒரு கும்பிடு. பெட்ரோல் படற இடத்துல அது ஊறி உப்பி, பிய்ஞ்சு போய், கார்புரேட்டருக்குள்ள பெட்ரோல் வரத்தைத் திறந்து மூடற நீடில் வால்வுல மாட்டும். டெஃப்லான் டேப்பும் பிய்ஞ்சு வந்து அங்கயேதான் மாட்டும், பைப்போட விரிஞ்ச முனையே அடைச்சுக்கற ஃப்ளேர் நட்டுக்கு அது தேவையே இல்ல. பம்ப்புக்கும் பிளாக்குக்கும் நடுவுல தடியா ஒரு ஸ்பேஸர் இருந்தா அதைத் தூக்கிப் போட்டுடாதீங்க, சூடு ஏறாம தடுக்கும், அதோட ஆர்ம் எவ்ளோ தூரம் அசையணும்னு முடிவு பண்றதும் அதுதான். அது இல்லாம மாட்டினா ஆர்ம் அளவுக்கு மேல அழுந்தி உடையும், கேஸ்கட் மேல கேஸ்கட் அடுக்கினா ஆர்ம் அசையற தூரம் குறைஞ்சு பெட்ரோல் பத்தாம இன்ஜின் இருமும்.

மாட்டும்போது ஆர்ம் கேம் மேல சரியான பக்கம் உக்காந்திருக்கான்னு பாருங்க. லேசான ஸ்பிரிங் எதிர்ப்போட கையாலயே அழுத்தினா பம்ப் பிளாக்கைத் தொடணும், போல்ட்டால இழுத்துத்தான் உக்கார வைக்கணும்னா ஏதோ தப்பு, இன்ஜினோட மெயின் ஷாஃப்டான கிராங்கை ஒரு முழு சுத்து சுத்திட்டு திரும்ப முயற்சி பண்ணுங்க. அமெரிக்க செவர்லே ஸ்மால் பிளாக் மாதிரி கேமுக்கும் ஆர்முக்கும் நடுவுல புஷ்ராட்னு ஒரு கம்பி வர்ற இன்ஜின்ல அந்த ராட் கீழ சறுக்கிட்டே இருக்கும், கெட்டி கிரீஸ் தடவி மேல ஒட்ட வச்சா நிக்கும்.

கையால அடிக்கற லீவர் வச்ச பம்ப்ல ஒரு வேடிக்கை இருக்கு. புது பம்ப் மாட்டிட்டு லீவரை அடிச்சா லொட லொடன்னு ஆடும், ஒண்ணுமே வராது, பம்ப் டூப்ளிகேட்னு கடைக்காரர்கிட்ட சண்டைக்கே போயிட்டேன். விஷயம் என்னன்னா கேம் மேடு ஏற்கனவே ஆர்மை அழுத்திட்டு நிக்குது, லீவருக்கு வேலையே இல்ல. இதுக்கும் அதே ஒரு சுத்துதான், சுத்தினதும் அடிச்சது. கடைக்காரர் முகத்துல முழிக்க ஒரு மாசம் ஆச்சு.

தொல்லையே வேண்டாம்னு எலக்ட்ரிக் பம்ப்புக்கு மாறறவங்க, கார்புரேட்டர் கேக்கற அழுத்தம் பெரும்பாலும் 2ல இருந்து 6 பிஎஸ்ஐக்குள்ளதான்னு ஞாபகம் வச்சுக்கோங்க, இன்ஜெக்‌ஷன் வண்டி பம்ப்பை மாட்டினா நீடில் வால்வைத் தள்ளிக்கிட்டு வழியும். இன்னொண்ணு, பழைய மெக்கானிக்கல் பம்ப்பை அழகுக்காக லைன்லயே விட்டுட்டு பின்னாடி எலக்ட்ரிக் வைப்பாங்க. அப்ப டயஃப்ரம் கிழிஞ்சா, இன்ஜின் ஓடலன்னாகூட சாவி ஆன்ல இருக்கற வரைக்கும் எலக்ட்ரிக் பம்ப் பெட்ரோலை சம்ப்புக்குள்ள தள்ளிட்டே இருக்கும். பழசை லைன்ல இருந்து எடுத்துட்டு பிளேட் போட்டு மூடுங்க, மோதினா கரண்ட்டைத் துண்டிக்கற இனர்ஷியா ஸ்விட்ச்சும் சேர்த்து வைங்க.

எல்லாம் முடிச்சு ஸ்டார்ட் பண்ணதும் அஞ்சு நிமிஷம் ஓட விட்டு டிஷ்யூவால மறுபடி ஒத்திப் பாருங்க, மறுநாள் காலையில ஒரு தடவை, கொஞ்ச தூரம் ஓட்டினதுக்கு அப்புறம் டிப்ஸ்டிக்கோட ஒரு தடவை. கழட்டின பழைய பம்ப்பை பழைய இரும்புக்குப் போட்டுடாதீங்க, புதுசா வர்ற நிறைய பம்ப் பிரிக்கவே முடியாத மாதிரி அழுத்தி மூடினது, ஸ்க்ரூ போட்ட அந்தப் பழைய பாடிக்கு ஒரு டயஃப்ரம் போட்டா திரும்ப ஓடும்.