பழைய ‘ஆர்மர்ட் கோர்’ ஆட்டங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2023 ஆகஸ்டில் ‘ஆர்மர்ட் கோர் 6’ வீடியோ கேம் வெளிவந்த பிறகு இந்தத் தொடருக்குப் புதிதாக வந்தவர்கள் ஏராளம். அதை முடித்த கையோடு பழைய பாகங்களைத் தேடிப் போகிறவர்களும் பலர். ஆனால் அவர்களில் நிறையப் பேர் முதல் ஒரு மணி நேரத்திலேயே “இதன் காலம் முடிந்துவிட்டது” என்று தீர்ப்பு எழுதி மூடிவைத்துவிடுகிறார்கள். இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனம் 1997-இல் தொடங்கிய இந்தத் தொடரில், இன்றைக்கும் வேறெங்கும் கிடைக்காத ஓர் அனுபவம் இருக்கிறது. தலை, உடல், கை, கால், சக்தி தரும் ஜெனரேட்டர், பாயவும் பறக்கவும் வைக்கும் பூஸ்டர் என்று ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து ஒரு போர் இயந்திரத்தைக் கட்டி, கூலிக்குச் சண்டை போட்டு, வந்த கூலியில் அதையே மேலும் செப்பனிடும் வாழ்க்கை அது. ஆறாம் பாகத்தின் பழக்கங்களோடு உள்ளே நுழைகிறவர்களுக்கு அந்த வாழ்க்கை பிடிபடுவதில்லை. அவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

எண்ணைப் பார்த்து வரிசை போடுவது

இந்தத் தொடரின் எண்கள் கதையின் வரிசையைக் காட்டுவதில்லை. ஆட்டங்கள் தலைமுறை தலைமுறையாக வந்தவை. முதல் ஆட்டமும், அதே 1997-இன் இறுதியில் வந்த ‘புராஜெக்ட் ஃபாண்டாஸ்மா’வும், 1999-இன் ‘மாஸ்டர் ஆஃப் அரீனா’வும் ஒரு குடும்பம். இரண்டாம் பாகத்துக்கு ‘அனதர் ஏஜ்’ துணை. மூன்றாம் பாகத்துக்கு ‘சைலன்ட் லைன்’. பிறகு ‘நெக்ஸஸ்’, ‘நைன் பிரேக்கர்’, ‘லாஸ்ட் ரேவன்’. 2006-இல் வந்த நான்காம் பாகத்தோடு 2008-இன் ‘ஃபார் ஆன்சர்’. ஐந்தாம் பாகத்தோடு ‘வெர்டிக்ட் டே’.

பெயர் கவர்ச்சியாக இருக்கிறதென்றோ, யாரோ புகழ்ந்தார் என்றோ ‘லாஸ்ட் ரேவ’னில் தொடங்காதீர்கள். தொடரின் எல்லா நுணுக்கங்களும் கைவந்தவர்களுக்காகச் செய்யப்பட்ட, ஈவிரக்கமற்ற ஆட்டம் அது. ‘நைன் பிரேக்கர்’ இன்னும் மோசமான தொடக்கம். அதில் கதை மிஷன்களே (கூலிக்கு ஏற்கும் பணிகள்) கிடையாது. பயிற்சிகளும், இயந்திரங்கள் நேருக்கு நேர் மோதும் அரீனா என்ற போட்டிக்களமும் மட்டும்தான். ‘ஃபார்முலா ஃப்ரன்ட்’ தனி வகை: இயந்திரத்துக்கான செயற்கை அறிவை நாம் அமைத்துக் கொடுத்து மோதவிடுவதற்காகப் பிறந்தது. முதல் ஆட்டத்திலோ, மூன்றாம் பாகத்திலோ தொடங்குங்கள். முதல் மூன்று ஆட்டங்களும் 2025-இல் பிளேஸ்டேஷன் 4, 5 கருவிகளுக்கு வந்துவிட்டதால் பழைய கருவியைத் தேடி அலையவும் தேவையில்லை.

பழைய கட்டுப்பாடுகளை வாயிலிலேயே விரட்டிவிடுவது

முதல் ஆட்டம் வெளியானபோது இரட்டைக் குச்சிகள் கொண்ட கன்ட்ரோலர் பரவலாகவில்லை. அதனால் எல்லாமே பட்டன்களில்தான். திசைப் பட்டனில் முன்னே பின்னே நகர்வதும் திரும்புவதும். எல்1, ஆர்1 பட்டன்களில் பக்கவாட்டில் நகர்வது. எல்2, ஆர்2 பட்டன்களில் மேலும் கீழும் பார்ப்பது. எக்ஸ் பட்டன் பூஸ்டர், சதுரம் வலக்கை ஆயுதம், வட்டம் இடக்கை வாள், முக்கோணம் ஆயுதம் மாற்ற. இரட்டைக் குச்சிகளை வைத்து ஆடும் வசதி 2004-இன் ‘நெக்ஸஸ்’ வரை வரவில்லை.

பலரும் செய்யும் முதல் காரியம், பட்டன்களை இன்றைய ஆட்டங்களைப் போல மாற்றியமைக்க முயல்வது. மாற்றுவதில் குற்றமில்லை. ஆனால் எவ்வளவு மாற்றினாலும் இந்த இயந்திரம் ஆறாம் பாகத்தின் இயந்திரத்தைப் போலத் திரும்பாது, ஏனென்றால் திரும்பும் வேகம் கால்களின் குணம். கனத்த கால் பொருத்தினால் மெதுவாகத்தான் திரும்பும். எதிரி உங்கள் முதுகுப்பக்கம் போய்விட்டால் நின்ற இடத்தில் சுழன்று அவனைத் தேடுவது வீண். பூஸ்டரை அழுத்திப் பின்னோக்கியோ பக்கவாட்டிலோ விலகி, இடைவெளியை உண்டாக்கி, அவனை மறுபடி உங்கள் முகத்துக்கு நேரே கொண்டுவருவதுதான் வழி. இந்த ஆட்டங்களில் குறிவைப்பு என்பதே திரையில் தெரியும் ஒரு செவ்வகச் சட்டம். அந்தச் சட்டத்துக்குள் எதிரியை வைத்திருக்கும் வரைதான் குண்டு அவனைத் தேடிப் போகும். அந்தச் சட்டத்தின் அகலத்தையும் தொலைவையும் குறிபார்க்கும் கணினியும் கையிலிருக்கும் ஆயுதமும் தீர்மானிக்கின்றன. அகலமான சட்டம் வேண்டுமென்றால் தொலைவை விட்டுக்கொடுக்க வேண்டும். கை பழகும் வரை அகலத்தைத் தேர்ந்தெடுங்கள். பாதிக் கஷ்டம் போய்விடும்.

கொஞ்ச நேரத்தில் விரல்கள் தாமாக நகரத் தொடங்கும். அதுவரை ஒரே ஒரு எளிய மிஷனைப் பொறுமையாக ஆடினால் போதும்.

கேரேஜை அவசரமாகக் கடந்து போவது

எல்லாத் தவறுகளுக்கும் தாய் இதுதான். புதியவர்கள், இயந்திரத்தைக் கட்டி மாற்றியமைக்கும் இடமான கேரேஜை மிஷனுக்கு முந்தைய ஒரு சடங்காக நினைக்கிறார்கள். உண்மையில் பாதி ஆட்டம் அங்கேதான் நடக்கிறது. தோற்றதன் காரணமும் பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும்.

முதல் ஆட்டம் உங்கள் கையில் கொடுக்கும் இயந்திரத்தையே பாருங்கள். ஒரு சாதாரண ரைஃபிள், சிறிய ஏவுகணைப் பெட்டி, குட்டி வாள். ஜெனரேட்டர் பலவீனமானது, பூஸ்டரும் அப்படித்தான். முதல் கூலி வந்தவுடன் பெரும்பாலோர் பெரிய துப்பாக்கி வாங்க ஓடுகிறார்கள். வேண்டாம். முதலில் ஜெனரேட்டரை மாற்றுங்கள், அடுத்தது பூஸ்டர். பறப்பதும் விலகுவதும் சக்தி ஆயுதம் சுடுவதும் ஒரே சக்திப் பட்டையைத்தான் தின்கின்றன. அந்தப் பட்டை முழுக்கத் தீர்ந்துவிட்டால், மறுபடி நிரம்பி முடியும் வரை பூஸ்டர் வேலை செய்யாது. நடுவானில் அப்படி நேர்ந்தால் கல்லைப் போல விழுவீர்கள்; எதிரிக்கு அதைவிட நல்ல இலக்கு கிடையாது. பட்டனை விடாமல் அழுத்திப் பிடிப்பது ஆறாம் பாகம் தந்த பழக்கம். இங்கே தட்டித் தட்டி அழுத்த வேண்டும்: ஒரு தட்டு, சிறு இடைவெளி, மறுபடி ஒரு தட்டு. பட்டை அடிமட்டத்தைத் தொடும் முன் விட்டுவிட்டால் உடனே ஏறத் தொடங்கிவிடும். இந்தத் தாளம் பிடிபட்டவுடன் ஆட்டமே வேறாகத் தெரியும்.

அடுத்து, உறுப்புகளின் விவரப் பட்டியலைப் படிக்காமல் தோற்றத்தைப் பார்த்து வாங்குவது. ஜப்பானிய இயந்திர வடிவமைப்பாளர் ஷோஜி கவாமோரி வரைந்த அழகான இயந்திரங்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் சில தலைகளில் ரேடார் இருக்காது. அழகான தலையை வாங்கிப் பொருத்திக்கொண்டு போனால் திரையின் மூலையில் இருந்த ரேடார் வட்டம் காணாமல் போயிருக்கும். முதுகில் தனியாக ரேடார் சுமந்தால்தான் திரும்ப வரும். அதுபோலவே முதுகுப் பீரங்கிகள். இரண்டு கால் இயந்திரம் அவற்றைச் சுட மண்டியிட்டாக வேண்டும். அந்த நேரத்தில் நகர முடியாது. நான்கு கால் இயந்திரமும் டாங்கிச் சக்கரங்கள் கொண்டதும் நகர்ந்துகொண்டே சுடும். ஆகவே பீரங்கி வாங்குவதற்கு முன் உங்கள் கால்களைப் பாருங்கள்.

எல்லா மிஷனுக்கும் ஒரே இயந்திரம் போதும் என்று நினைப்பதும் இதே தவறின் இன்னொரு கிளை. முதல் ஆட்டத்தின் கடைசி மிஷனில் நகரும் கட்டிகளின் மீது தாவித் தாவி வெகு உயரம் ஏற வேண்டிய இடம் ஒன்று உண்டு. அதுவரை கனத்த கவசத்தோடு எல்லோரையும் நசுக்கிக்கொண்டு வந்தவர்கள் அங்கே மணிக்கணக்கில் சிக்கிக்கொள்கிறார்கள். இலேசான கால், நல்ல பூஸ்டர், பெரிய ஜெனரேட்டர் இருந்தால் அது சில நிமிட வேலை. தொடக்ககால ஆட்டங்களில் ஓர் உறுப்பை விற்றால் வாங்கிய விலையே திரும்பக் கிடைக்கும். இதைத் தெரிந்துகொள்ளாமல் பணத்தை இறுகப் பிடித்துக்கொண்டு, பிடிக்காத இயந்திரத்தோடு மல்லுக்கட்டுகிறவர்களைப் பார்த்தால் அழைத்துச் சொல்லவேண்டும் போலிருக்கும். விற்றுப் பாருங்கள், வாங்கிப் பாருங்கள். கேரேஜிலேயே சோதனை ஓட்டம் இருக்கிறது. அதற்குச் செலவே இல்லை.

கணக்கைப் பார்க்காமல் சுடுவது

மிஷன் முடிந்ததும் வரும் திரையில் கூலி மேலே இருக்கும். அதற்குக் கீழே பழுதுச் செலவும் குண்டுச் செலவும் கழிக்கப்படும். சுட்ட ஒவ்வொரு குண்டுக்கும் விலை உண்டு. சிறு வாகனங்களின் மீதும் சுவரில் பதிந்த துப்பாக்கிகளின் மீதும் ஏவுகணைகளை வாரி இறைத்தால், வென்ற மிஷனிலும் கைக்கு ஒன்றும் மிஞ்சாது. வாளுக்கும் சக்தி ஆயுதங்களுக்கும் குண்டுச் செலவு கிடையாது. சில்லறை எதிரிகளுக்கு வாள், நடுத்தர எதிரிகளுக்கு ரைஃபிள், ஏவுகணை கடைசியில் காத்திருப்பவனுக்கு என்று பிரித்துக்கொள்ளுங்கள். அரீனா உள்ள ஆட்டங்களில் பணமுடை வந்தால் அங்கே போங்கள். தோற்றாலும் பழுதுச் செலவு இல்லை.

முதல் ஆட்டத்தில் மிஷனில் தோற்றாலும் கதை முடிந்துவிடாது. செலவு உங்கள் தலையில் விழும்; கணக்கு கடனுக்குள்ளும் போகும். கடன் 50,000 கிரெடிட்டைத் தாண்டினால் ‘ஹியூமன் பிளஸ்’ என்னும் அறுவைச் சிகிச்சைக்கு உங்களை ஆளாக்கி, ஆட்டத்தை முதலிலிருந்து தொடங்கவைப்பார்கள். அதற்குப் பிறகு உங்கள் உடம்புக்குச் சில கூடுதல் ஆற்றல்கள் வரும்: ரேடார் இல்லாமலேயே எதிரியின் இடம் தெரிவது, மண்டியிடாமல் பீரங்கி சுடுவது, வாளிலிருந்து ஒளியலை வீசுவது போன்றவை. இதைத் தெரிந்துகொண்ட பலர் எடுத்த எடுப்பிலேயே வேண்டுமென்று தோற்றுத் தோற்றுக் கடனாளியாகி, அந்த ஆற்றல்களோடு தொடங்குகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். கடன்பட்ட கூலிப்படைக்காரனின் உடம்பை நிறுவனங்கள் எடுத்துக்கொள்கின்றன என்பது அந்த உலகத்தின் கொடூரமான உண்மை. திறமைக்குறைவால் அங்கே போய்ச் சேர்ந்தவருக்கு அது உறைக்கும். குறுக்குவழியாகப் போனவருக்கு ஒரு வசதியாக மட்டும் தெரியும். ஒவ்வொரு தோல்விக்கும் முன்பு சேமித்துவைத்த கட்டத்துக்கு ஓடித் திரும்புவதும் எனக்கு உவப்பில்லை. ஓரிரு மிஷன்களில் தோற்று, கையைப் பிசைந்து, மலிவான உறுப்புகளோடு மீண்டு வருவதில்தான் இந்த ஆட்டத்தின் கதை இருக்கிறது.

அதே காரணத்துக்காக, ஆட்டத்துக்குள் வரும் மின்னஞ்சல்களைப் படிக்காமல் தள்ளிவிடாதீர்கள். முதல் ஆட்டத்தில் குரோம், முரகுமோ என்ற இரு பெருநிறுவனங்களின் பகை கதைக்காட்சிகளை விட அந்த அஞ்சல்களிலும் மிஷன் விளக்கங்களிலும்தான் அதிகம் வெளிப்படுகிறது. ஒருவரின் வேலையை ஏற்றால் மற்றவரின் வேலை சில சமயம் கைநழுவிப் போகும். மிஷன் இடங்களின் மூலைகளையும் துழாவுங்கள். புகழ்பெற்ற ‘மூன்லைட்’ வாள் கடையில் கிடைக்காது. மிஷனுக்குள் தேடித்தான் எடுக்க வேண்டும்.

ஒரு தலைமுறையின் பழக்கத்தை அடுத்ததற்குக் கொண்டுபோவது

‘நெக்ஸஸ்’ வந்தவுடன் பழைய கைகள் தடுமாறும். அங்கே பூஸ்டரை அழுத்தினாலே இயந்திரம் சூடாகிறது. சூடு எல்லை மீறினால் இயந்திரத்தின் உயிரான கவசப் புள்ளிகள் கரையும். குளிர்விக்கும் ரேடியேட்டரோ ஜெனரேட்டரின் சக்தியை உறிஞ்சும். எனவே மூன்றாம் பாகத்தில் யாரும் பெரிதாக மதிக்காத ரேடியேட்டர் இங்கே முதல் கவனத்துக்குரியது. ‘லாஸ்ட் ரேவ’னில் சண்டையின் நடுவிலேயே உறுப்புகள் உடையும். அதன் கதை 24 மணி நேரத்தில் நடக்கிறது. எந்த மிஷனை ஏற்கிறீர்கள் என்பதைப் பொறுத்து வெவ்வேறு முடிவுகளுக்குப் போகும். ஒரு முறை முடித்துவிட்டு “கதை புரியவில்லை” என்று சொல்வது நியாயமில்லை. நீங்கள் ஒரு கிளையை மட்டுமே பார்த்திருப்பீர்கள்.

ஹிடெடாகா மியாசாகி இயக்கிய நான்காம் பாகமும் ‘ஃபார் ஆன்சரும்’ நேர் எதிர்த் திசை. பட்டனைத் தட்டித் தட்டிச் சிக்கனமாக ஆடியவர்கள் இங்கே அந்தச் சிக்கனத்தாலேயே சாகிறார்கள். கண்ணிமைக்கும் நேரத்தில் பக்கவாட்டில் பாயும் விரைவு பூஸ்ட்தான் இங்கே கவசம். கோஜிமா துகள்கள் என்ற கற்பனைத் துகள்களால் ஆன பாதுகாப்புப் படலம் அடிபட்டால் குறையும், விலகி நின்றால் மீளும். ஆகவே அடிபட்ட பின் அதே இடத்தில் நின்று பதிலடி கொடுப்பது தற்கொலை. ‘ஸ்பிரிட் ஆஃப் மதர்வில்’ என்ற நடமாடும் மலை போன்ற ஆயுதக்கோட்டையைத் தொலைவிலிருந்து சுட்டுக்கொண்டிருந்தால் விடியாது. ஒட்டிப் போய் அதன் பீரங்கிகளையும் ஏவுகணை மேடைகளையும் உடைக்க உடைக்கத்தான் அது உள்ளிருந்து சரியும்.

ஐந்தாம் பாகத்தையும் ‘வெர்டிக்ட் டே’யையும் கடைசியில் வையுங்கள். அவை குழுவாக இணையத்தில் ஆடுவதை மையமாக வைத்துக் கட்டப்பட்டவை. அவற்றின் சர்வர்கள் 2024-இல் மூடப்பட்டுவிட்டன. இன்று எஞ்சியிருப்பது தனியாக ஆடக்கூடிய பகுதி மட்டும். அதிலும் ஒரு சிறு தவறு எல்லோருக்கும் நேர்கிறது: எந்நேரமும் போர் நிலையிலேயே இருப்பது. ஸ்கேன் நிலைக்கு மாறினால் சுட முடியாது, ஆனால் சக்தி வேகமாக ஏறும், எதிரியின் விவரங்களும் தெரியும். ஒரு கட்டடத்தின் பின்னால் ஒதுங்கி, ஸ்கேனுக்கு மாறி, பட்டை நிரம்பியதும் மறுபடி வெளியே வாருங்கள்.