ஓர் அறை குளிர்கிறது, அடுத்த அறை புழுங்குகிறது: சிஸ்டம் 3 ஏர்கானில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராத்திரி பத்து மணிக்கு எங்கள் மாஸ்டர் ரூமில் போர்வை இல்லாமல் படுக்க முடியாது. அடுத்த அறையில் அம்மா புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இரண்டு ரிமோட்டும் 24 டிகிரி என்றே காட்டும். சிங்கப்பூரில் எங்கள் நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் சில மாதங்கள் இப்படியே போயின. அதற்குள் இரண்டு முறை கேஸ் நிரப்பப் பணம் கொடுத்திருந்தோம். பலரும் செய்யும் தவறு இதுதான் என்பதால் இதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஏர்கான் கேஸ் பெட்ரோல் போல எரிந்து தீர்வதில்லை. மூடிய செப்புக் குழாய்க்குள் அதே கேஸ்தான் சுற்றிக்கொண்டே இருக்கும். அளவு குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். பெரும்பாலும் குழாயும் யூனிட்டும் இணையும் இடத்தில் கசியும். அதை அடைக்காமல் நிரப்பினால் மறுபடி போய்விடும். சிஸ்டம் 3-இல் மூன்று அறைகளுக்கும் வெளியே ஒரே யூனிட், அதற்குள் ஒரே காம்ப்ரசர், கேஸும் பொதுவானது. ஆகவே கேஸ் குறைந்தால் பொதுவாக எல்லா அறைகளிலும் குளிர் மந்தமாகும். ஓர் அறை ஜில்லென்று இருக்கும்போது ஒருவர் "கேஸ் இல்லை" என்றால், அளந்து காட்டச் சொல்லுங்கள். நிரப்பத்தான் வேண்டும் என்றால், வெளி யூனிட்டில் ஒட்டியிருக்கும் தகட்டில் எந்த கேஸ், எவ்வளவு எடை என்று எழுதியிருக்கும். பழைய வீடுகளில் ஆர்-410ஏ என்ற கேஸ் இன்னும் ஓடுகிறது. புவியை அதிகம் சூடாக்கும் கேஸ்களுக்கு 2022 அக்டோபரில் வந்த கட்டுப்பாட்டுக்குப் பிறகு விற்கப்படும் வீட்டு ஏர்கான்களில் பெரும்பாலும் ஆர்-32 இருக்கும். ஒன்றின் இடத்தில் இன்னொன்றை ஏற்றக் கூடாது.

அடுத்த தவறு, எல்லா அறைகளையும் போட்டுவிட்டுக் கோளாறைத் தேடுவது. அப்படித் தேடினால் எதுவும் பிடிபடாது. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஓர் அறையை மட்டும் இருபது நிமிடம் ஓட விடுங்கள். பிறகு அதை அணைத்து அடுத்தது. தனியாக ஓடும்போது நன்றாகக் குளிர்ந்து, சேர்ந்து ஓடும்போது மட்டும் சோர்ந்துபோனால், வெளி யூனிட்டின் திறன் போதவில்லை. 9,000, 9,000, 18,000 பிடியு (குளிரூட்டும் திறனின் அளவு) என்று மூன்று அறைகளுக்குப் போட்டால் கூட்டுத்தொகை 36,000. வெளி யூனிட் பெரும்பாலும் அதைவிடச் சிறியது, எல்லா அறைகளும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் ஓடாது என்ற கணக்கில் போடுவது. தீபாவளிக்கு வீடு நிறைய விருந்தாளிகள் வந்து, ஹாலும் அறைகளும் ஒன்றாக ஓடும் நாளில் எதுவும் சரியாகக் குளிராதது இதனால்தான். அது பழுது அல்ல.

தனியாக ஓடியும் ஓர் அறை குளிரவில்லை என்றால் முதலில் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவினால் போதும், ஆனால் கட்டாயம் கழுவ வேண்டும். அப்புறம் உள்ளே காற்றைக் குளிர்விக்கும் காயிலில் அழுக்கு, அதற்கும் பிறகுதான் சூட்டை அளக்கும் சென்சாரும் அந்த அறைக்குக் கேஸை விடும் வால்வும்.

புழுங்கும் அறைக்காரர் ரிமோட்டை 16-க்கு இறக்குவதும் வழக்கம். அறை சூடாக இருக்கும்போது 24 வைத்தாலும் 16 வைத்தாலும் மெஷின் தொடக்கத்தில் முழு மூச்சாகத்தான் ஓடும். 16 வைத்த அறை போதும் என்று சொல்லாமல் பொதுவான குளிரை இழுத்துக்கொண்டே இருக்கும், மற்ற அறைகளுக்குக் குறையும். தேசிய சுற்றுப்புற வாரியம் சொல்கிற 25 டிகிரியையும் ஒரு மின்விசிறியையும் முயன்று பாருங்கள். வெளி யூனிட்டுக்கு முன்னால் துணி, பெட்டி, பூந்தொட்டி எதுவும் வேண்டாம். அது விடும் சூடு வெளியே போக வழி இருக்க வேண்டும்.

சரி, அம்மா அறைக்கு வருகிறேன். தனித்தனியாக ஓட விட்ட அன்றுதான் விஷயம் தெரிந்தது. அம்மா அறையை மட்டும் போட்டால் அங்கே வெறும் காற்று, அணைத்திருந்த மாஸ்டர் ரூம் யூனிட்டிலோ குழாய் பனிபோலக் குளிர்ந்திருந்தது. வெளி யூனிட்டின் கட்டுப்பாட்டு போர்டை ஒருமுறை மாற்றியபோது இரண்டு அறைகளின் ஒயர்களும் இடம் மாறிவிட்டன. அம்மா அறை குளிர் கேட்டால் எங்கள் வால்வு திறந்தது. எங்கள் அறை போதும் என்றால் அம்மாவின் வால்வு மூடிக்கொண்டது. அதனால்தான் நாங்கள் நடுங்க நடுங்க அவருக்குப் புழுக்கம் கூடியது. ஒயர் தவறைக் கண்டுபிடிக்கும் வசதி சில வெளி யூனிட்டுகளிலேயே உண்டு, டெக்னீஷியனிடம் கேளுங்கள். நீங்களாகத் திறக்காதீர்கள், அது மின்சாரம்.

ஒயர்களை மாற்றிப் பூட்ட அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அன்று இரவு பதினொரு மணிக்கு அம்மா கதவைத் தட்டி, "26-ல வச்சுக் குடு, குளிருது" என்றார்.