போர் ஓவியம் போட்ட மவுஸ் பேட் வாங்குபவர்கள் செய்யும் தவறுகள்

இடைக்காலப் போர் ஓவியங்களை மவுஸ் பேடில் போட்டுக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள், படம் பிடித்துவிட்டால் உடனே ஆர்டர் கொடுத்துவிடுகிறார்கள். அதில் எவ்வளவு வெட்டுப்படும், கை எதை மறைக்கும் என்று யாரும் பார்ப்பதில்லை.

முதல் தவறு வெட்டுவதில்தான். 1066-இல் இங்கிலாந்தில் நடந்த ஹேஸ்டிங்ஸ் போரைக் காட்டும் பேயூ சித்திரத்தையலை எடுத்துக்கொள்ளுங்கள், உயரம் அரை மீட்டர், நீளமோ கிட்டத்தட்ட 70 மீட்டர். 24 செ.மீ அகல பேடில் அதை முழுசாகப் போட்டால் 2 மில்லிமீட்டர் கோடுதான் மிஞ்சும். அதனால் ஒரே ஒரு காட்சியை எடுங்கள், நார்மன் குதிரைப்படை ஆங்கிலேயரின் கேடய வரிசையில் மோதும் இடம் அருமையாக வரும். ஆனால் கீழே ஓடும் ஓரப்பட்டையை வெறும் அலங்காரம் என்று நினைத்து வெட்டிவிடாதீர்கள். போர்க் காட்சிகளில் வில்லாளிகள் வரிசையும், விழுந்து கிடக்கும் உடல்களும், இறந்தவர்களின் கவசத்தை உருவும் ஆட்களும் அங்கேதான் இருக்கிறார்கள், பாதிப் போர் அந்தப் பட்டையில்தான் நடக்கிறது. இன்னொன்று, படத்தை இடவலமாகத் திருப்பிப் போட்டால் மேலே தைத்திருக்கும் லத்தீன் எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பிக் காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்தது கை வைக்கும் இடம். 1432-இல் நடந்த சான் ரொமானோ போரை இத்தாலிய ஓவியர் உச்செல்லோ வரைந்த ஓவியம் மூன்று பலகைகளாக லண்டன், ஃபுளோரன்ஸ், பாரிஸ் என்று பிரிந்து கிடக்கிறது. லண்டனில் இருப்பதில் பெரிய தொப்பியோடு வெள்ளைக் குதிரை மேல் வரும் தளபதியைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள், எனக்கோ தரையில் உடைந்து கிடக்கும் ஈட்டிகள்தான் உயிர், ஏனென்றால் அவை கிடக்கும் வாகில்தான் அந்தத் தரைக்கே ஆழம் வருகிறது. சின்ன பேடில் மவுஸ் போய் உட்காருவது சரியாக அந்த ஈட்டிகள் மேல். ஓவியம் சுமார் 182க்கு 320 செ.மீ, ஆகவே 20க்கு 35 செ.மீ பேட் என்றால் ஏறக்குறைய வெட்டாமலே அடங்கும், கையை எடுத்ததும் முழுப் படமும் தெரியும். பெரிய மேசை விரிப்பு என்றால் நடுவில் கீபோர்டு வரும், அதையும் கணக்கில் வையுங்கள்.

விற்பவர் போடும் பெயரை அப்படியே நம்புவதும் தவறுதான். 1346-இன் கிரெசி போர் என்று வரும் புகழ்பெற்ற நுண்ணோவியம் (கையெழுத்துப் புத்தகத்தில் வரைந்த சின்ன ஓவியம்) 15ஆம் நூற்றாண்டில் வரைந்தது, கவசமெல்லாம் ஓவியர் காலத்துப் பாணி. ஆல்ட்டோர்ஃபர் 1529-இல் வரைந்த இஸ்ஸஸ் போர் பார்வைக்கு இடைக்காலம் மாதிரியே இருக்கும், ஆனால் அது அலெக்சாண்டர் நடத்திய போர். மட்டேய்கோவின் கிரன்வால்ட் ஓவியத்தில் போர் 1410, ஓவியம் 1878. வாங்கக் கூடாது என்று சொல்லவில்லை, எது என்று தெரிந்து வாங்குங்கள்.

அச்சு விஷயத்தில் சுருக்கமாக: 24க்கு 20 செ.மீ பேடுக்கு 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) வேண்டுமென்றால் படம் சுமார் 2835க்கு 2362 பிக்சல் இருக்க வேண்டும். சின்னப் படத்தை மென்பொருளால் பெரிதாக்கினால் வீரர்களின் முகங்களை அது தானாகக் கற்பனை செய்து போட்டுவிடும், அப்புறம் அது அந்த ஓவியரின் படமே இல்லை. நுண்ணோவியங்களின் தங்கத் தகடு அச்சில் மின்னாது, மஞ்சளாகவோ பழுப்பாகவோதான் வரும். தங்கத்துக்காகவே ஒரு படம் பிடித்திருந்தால் வேறு படம் பாருங்கள். மின்ன வேண்டும் என்று பளபளப்பான மேற்பரப்பைக் கேட்காதீர்கள், ஒளி தெறித்து மவுஸின் சென்சார் தடுமாறும். மங்கலான துணிப்பரப்பே சரி.

கழுவும்போது வெந்நீரோ பிளீச்சோ வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் மென்மையான சோப்பு விட்டுக் கையால் தடவிக் கழுவி, மடிக்காமல் நிழலில் தட்டையாகக் காயவையுங்கள், வெயிலில் போட்டால் சிவப்பும் நீலமும் வெளுத்துப்போகும்.