மிஞ்சிய அவித்த முட்டையில் கிரேக்கத்துப் பூரண முட்டை

எங்கள் காரைக்குடி வீட்டில் ஞாயிற்றுக்கிழமை பிரியாணி என்றால் ஆளுக்கு ஒரு முட்டை கணக்கு. வருகிறோம் என்று சொன்னவர்கள் வராமல் போய்விட்டால், திங்கட்கிழமை ஃபிரிட்ஜில் ஆறேழு அவித்த முட்டை ஓட்டோடு கிடக்கும். அதை மறுபடி குழம்பில் போட்டுக் கொதிக்கவிட்டால் வெள்ளைக்கரு ரப்பர் மாதிரி ஆகிவிடுகிறது. அதனால் அடுப்பே பற்றவைக்காமல், மாலை இடைப்பலகாரத்துக்குக் கிரேக்கப் பாணியில் பூரணம் வைத்துவிடுகிறேன். சமையல் இப்போதுதான் பழகுகிறவர்களும் தைரியமாகச் செய்யலாம்.

கிரேக்கத்திலும் முட்டை மிஞ்சும் காலம் ஒன்று உண்டு. ஈஸ்டருக்கு முந்தைய வியாழக்கிழமை வீட்டுக்கு வீடு முட்டை அவித்துச் சிவப்புச் சாயம் ஏற்றுவார்கள். ஈஸ்டர் வந்ததும் ஆளுக்கொரு முட்டையைக் கையில் பிடித்து ஒன்றோடொன்று மோதுவார்கள். யாருடைய முட்டை உடையாமல் நிற்கிறதோ அவருக்கு நல்ல காலம். இந்தப் பூரண முட்டைக்கு அவர்கள் மொழியில் அவ்கா யெமிஸ்தா என்று பெயர். அவ்கா என்றால் முட்டைகள், யெமிஸ்தா என்றால் உள்ளே அடைத்தவை. தக்காளி, குடைமிளகாய்க்குள் அரிசி அடைத்துச் சமைப்பதையும் யெமிஸ்தா என்றுதான் சொல்கிறார்கள்.

செய்வதற்கு முன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: பூரணத்தில் தண்ணீர் சேரக் கூடாது, உப்பை முதலில் போடக் கூடாது. முதல் தடவை நான் தயிரை வடிகட்டாமல் ஊற்றி, எடுத்த எடுப்பிலேயே அரை ஸ்பூன் உப்பும் போட்டேன். பத்து நிமிடத்தில் பூரணம் சட்னி மாதிரி இளகி முட்டையிலிருந்து வழிந்தது, வாயில் வைக்க முடியாத கரிப்பு வேறு. ஆறு முட்டையும் வீண்.

ஆறு முட்டைக்கு அளவு சொல்கிறேன். ஃபெட்டா சீஸ் 50 கிராம், வடிகட்டிய தயிர் மூன்று மேசைக்கரண்டி, ஆலிவ் எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, கொட்டை நீக்கிய கறுப்பு ஆலிவ் எட்டு, சின்ன வெங்காயம் இரண்டு, எலுமிச்சைச் சாறு ஒரு தேக்கரண்டி, காய்ந்த ஆரிகானோ (பீட்சாவில் தூவும் மூலிகை இலை) அரைத் தேக்கரண்டி, மிளகுத்தூள் கால் தேக்கரண்டி, புதினா நாலைந்து இலை.

தயிரை மட்டும் காலையிலேயே கவனிக்க வேண்டும். 200 மில்லி கெட்டித் தயிரை மெல்லிய வெள்ளைத் துணியில் கட்டி, வடிகட்டியில் வைத்து, கீழே ஒரு கிண்ணத்தோடு ஃபிரிட்ஜுக்குள் தள்ளிவிடுங்கள். மூன்று மணி நேரத்தில் தண்ணீர் இறங்கி வெண்ணெய்ப் பதத்துக்கு வந்துவிடும். கிரேக்கத் தயிர் என்று கடையில் விற்பதும் இப்படி வடித்ததுதான். வடிந்த தண்ணீரைக் கொட்டாமல் சப்பாத்தி மாவு பிசைய வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபெட்டா செம்மறியாட்டுப் பாலில் செய்வது. வெள்ளாட்டுப் பால் 30 சதவீதம் வரை சேரலாம். 2002 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் கிரேக்கத்தில் செய்த சீஸுக்கு மட்டுமே அந்தப் பெயர் உரியது. உப்புத் தண்ணீரில் ஊறிக் கிடப்பதால் அதிலேயே உப்பு நிறைய இருக்கிறது. பெரிய சூப்பர் மார்க்கெட்டிலோ ஆன்லைனிலோ வாங்கலாம். கிடைக்காவிட்டால் பனீரில் சமாளிக்கலாம். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒன்றரைத் தேக்கரண்டி உப்பும் அரை மூடி எலுமிச்சைச் சாறும் கலந்து, 100 கிராம் பனீரை அதில் போட்டு ஒரு ராத்திரி ஃபிரிட்ஜில் ஊறவிடுங்கள். புளிப்பும் உப்பும் வந்துவிடும், செம்மறியாட்டுப் பாலின் அந்த வாசனை மட்டும் வராது.

ஆரிகானோ இல்லாத வீட்டுக்கு எனக்கு மிகவும் பிடித்த ஒரு வழி இருக்கிறது. பின்கட்டில் தொட்டியில் கற்பூரவல்லி வளர்க்கிறீர்கள் அல்லவா? ஆரிகானோவுக்கு அந்தக் காரமான மணத்தைக் கொடுப்பது கார்வக்ரால் என்ற பொருள். கற்பூரவல்லி இலையிலும் அதே பொருள் இருக்கிறது. ஆனால் பச்சையாகப் போடும்போது வேகம் அதிகம், ஆறு முட்டைக்குப் பாதி இலையைப் பொடியாக நறுக்கினால் போதும். பீட்சாவோடு வரும் பொட்டலத்தைப் போடுவதானால் பின்னால் இருப்பதைப் படித்துவிடுங்கள், பலவற்றில் உப்பும் மிளகாயும் கலந்திருக்கும்.

இனி முட்டை. ராத்திரி முழுக்க வெளியில் கிடந்த முட்டை என்றால் யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள். அவித்த இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குப் போன, ஓடு உரிக்காத முட்டை ஒரு வாரம் வரை தாங்கும். மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சை வளையம் தெரிந்தால் பயப்பட வேண்டாம். அதிக நேரம் அவிந்ததால் மஞ்சள் கருவின் இரும்பும் வெள்ளைக்கருவின் கந்தகமும் சேர்ந்து வந்த நிறம் அது.

ஓட்டைச் சுற்றிலும் தட்டி, தண்ணீருக்குள் வைத்து, அகலமான முனையிலிருந்து உரியுங்கள். அங்கேதான் காற்றறை இருக்கிறது, தோல் சுலபமாகப் பிடிபடும். உரித்ததும் துணியால் ஒற்றி ஈரத்தை எடுத்துவிடுங்கள். அறுப்பதற்கு எங்கள் அப்பத்தா கத்தி எடுக்கமாட்டார், பூக்கட்டும் நூல்தான். நூலை முட்டைக்கு நீளவாக்கில் சுற்றி இரண்டு முனையையும் குறுக்கே இழுத்தால் மஞ்சள் கரு கொஞ்சமும் ஒட்டாமல் இரண்டாகப் பிரியும். அறுபட்ட வெள்ளைக்கரு, முட்டை கலந்த சுண்ணாம்புப் பூச்சு பூசிய எங்கள் வளவுச் (வீட்டு உள்முற்றத்துச்) சுவர் மாதிரி வழவழவென்று இருக்கும்.

மஞ்சள் கருவைத் தேக்கரண்டியால் மெதுவாக எடுத்து, டீ வடிகட்டியில் போட்டு, கரண்டியின் பின்பக்கத்தால் தேய்த்து இறக்குங்கள். ஐந்து நிமிட வேலை, ஆனால் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். புட்டு மாவு மாதிரி உதிரியாக விழும். முள்கரண்டியால் மசித்தால் சின்னச் சின்னக் கட்டி நின்றுவிடும், பிறகு எவ்வளவு கலக்கினாலும் போகாது.

அந்த மாவில் முதலில் ஆலிவ் எண்ணெய் விட்டுப் பிசிறுங்கள். அடுத்து தயிரை ஒவ்வொரு கரண்டியாகச் சேர்த்து, குழைந்து வரும்வரை கலக்குங்கள். அதன் பிறகு ஃபெட்டாவை விரலால் உதிர்த்துப் போடுங்கள், அங்கங்கே வெள்ளையாகத் தெரியவேண்டும். ஆறு ஆலிவையும் வெங்காயத்தையும் பொடியாக நறுக்கி, காகிதத் துண்டில் பிழிந்து சேருங்கள். எலுமிச்சைச் சாறு, ஆரிகானோ, மிளகுத்தூள், புதினா எல்லாம் இதற்குப் பின். இப்போது ருசி பாருங்கள். பெரும்பாலும் உப்பே வேண்டியிருக்காது. கரண்டியைக் கவிழ்த்தால் பூரணம் விழாமல் நிற்க வேண்டும், அதுதான் பதம்.

சோம்பும் கல்பாசியும் சேர்த்த நம் மசாலாத்தூளை ஒரு சிட்டிகை போடலாமா என்று அத்தை கேட்டார். வேண்டாம் அத்தை என்றேன். நம் மசாலா எண்ணெயில் பொரிந்தால்தான் மணக்கும். அடுப்பில்லாத பண்டத்தில் பச்சை வாடை அடிக்கும். எலுமிச்சையும் ஆலிவும்தான் இதற்கு உயிர்.

நிரப்பும்போது வெள்ளைக்கருப் பாதிகள் தட்டில் உருண்டுகொண்டே இருக்கும். குழிப்பணியாரக் கல்லை எடுத்து ஒவ்வொரு குழியிலும் ஒரு பாதியை உட்காரவையுங்கள், அசையாது. பன்னிரண்டு குழிக் கல்லானால் ஒரே ஈடு, ஏழு குழியானால் இரண்டு ஈடு. சின்னக் கரண்டியால் பூரணத்தை லேசாகக் குவித்து வைத்து, மீதி இரண்டு ஆலிவை வட்டமாக நறுக்கி மேலே ஒவ்வொன்று பதியுங்கள். அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்தால் இறுகிவிடும். பரிமாறும்போது மேலே நாலு சொட்டு ஆலிவ் எண்ணெய் விடுங்கள். நான் பழைய மங்குத் தட்டில் அடுக்கி, பக்கத்தில் பிஞ்சு வெள்ளரித் துண்டுகள் வைப்பேன்.

சித்திரை வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்காதீர்கள். அன்றைக்கே தின்று முடித்துவிடுவது நல்லது. பூரணம் மட்டும் கொஞ்சம் மிஞ்சினால் மூடிபோட்ட டப்பாவில் ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாள் காலை ரொட்டியைத் தோசைக்கல்லில் வாட்டி அதன்மேல் தடவிக்கொள்ளுங்கள்.